தண்ணீர்க் கணக்கு: தார் பாலைவனத்தில் உயிர்கள் வாழும் விதம்

இந்தியாவின் வடமேற்கில், ஆரவல்லி மலைத்தொடருக்கும் சிந்து நதிச் சமவெளிக்கும் இடையே சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது தார் பாலைவனம். அதன் பெரும்பகுதி ராஜஸ்தானில் இருக்கிறது. எஞ்சியது குஜராத், ஹரியானா, பஞ்சாப் மாநிலங்களின் ஓரங்களிலும் பாகிஸ்தானின் கிழக்குப் பகுதியிலும் பரவியிருக்கிறது. அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆரவல்லி மலைக்கு இணையாகவே வடக்கு நோக்கிச் சென்றுவிடுவதால், அந்த மலை மேகங்களை மறித்து இங்கே மழையாக்கித் தருவதில்லை. கிழக்கு ஓரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 500 மில்லிமீட்டராக இருக்கும் மழை, மேற்கே போகப்போகக் குறைந்து ஜெய்சல்மேரைத் தாண்டியதும் 200 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதுவும் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையே விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். சில ஆண்டுகளில் அடியோடு பொய்த்தும் போகும்.

வெயிலோ இந்தியாவிலேயே மிகக் கடுமையானது. ஜோத்பூரை அடுத்த பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. காற்றைவிட மணல் இன்னும் அதிகமாகச் சூடேறும். கோடை நடுப்பகலில் மணற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவதுண்டு. அதே நிலம் குளிர்கால இரவுகளில் உறைநிலையை நெருங்கிவிடும்.

வெயில், வறட்சி என்று இரண்டு துன்பங்களாகத் தோன்றினாலும் உண்மையில் இவை ஒரே சிக்கலின் இரண்டு முகங்கள். காற்றின் வெப்பம் உடலின் வெப்பத்தைவிடக் கூடிவிட்டால், உடலைக் குளிர்விக்க ஒரே ஒரு வழிதான் உண்டு: நீரை ஆவியாக்குவது. விலங்குகள் வியர்வையாலும் மூச்சிரைப்பாலும் அதைச் செய்கின்றன. செடிகள் இலைத்துளைகள் வழியே செய்கின்றன. ஆனால் ஆவியாக்க நீர் வேண்டும். பாலையில் இல்லாததே அதுதான். ஆகவே பாலைவன உயிர்கள் ஒவ்வொன்றும் தண்ணீரின் வரவு செலவைச் சொட்டுக்கூடப் பிசகாமல் பார்த்துக்கொள்கின்றன. அவற்றின் உடலமைப்பு, உண்ணும் உணவு, விழித்திருக்கும் நேரம், இனப்பெருக்கக் காலம் எல்லாம் இந்தக் கணக்கில் இருந்து பிறந்தவைதான்.

ஆழத்தில் தேடும் வேர்கள்

தாரின் செடிகொடிகளில் முதலில் சொல்லவேண்டியது கேஜ்ரி மரம். தமிழகத்தில் வன்னி என்று வழங்குவது இதே மரம்தான். விருத்தாசலம், திருவான்மியூர் கோயில்களில் அது தலமரமாக நிற்கிறது. கோயில் வளாகத்தில் நீர்வளத்தோடு நிற்கும் வன்னியைப் பார்ப்பவர்களுக்கு அதன் முழுத் திறமை தெரிய வாய்ப்பில்லை. தாரில் அதன் ஆணிவேர் 30 மீட்டருக்கும் கீழே இறங்கி, மேல்மண்ணின் வறட்சி எட்டாத ஆழத்தில் ஈரத்தைத் தேடிப் பிடிக்கிறது. மேல்மண் ஈரத்தைக் கம்பும் பயறும் எடுத்துக்கொள்ள, மரம் அடியாழத்தில் தன் பங்கைத் தேடிக்கொள்வதால் பயிருக்கும் மரத்துக்கும் போட்டி குறைவு. மாறாக, அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. உதிரும் இலைகள் மட்கி உரமாகின்றன. அதனால்தான் மேற்கு ராஜஸ்தானின் விவசாயிகள் வயலின் நடுவே முளைக்கும் கேஜ்ரியைப் பிடுங்குவதில்லை.

மற்ற மரங்கள் வாடும் கோடையில், பருவமழைக்கு முன்பாகவே கேஜ்ரி புதுத்தளிர் விடுகிறது. அதன் பச்சைக் காய்களான சாங்ரியை மக்கள் பறித்து, வேகவைத்து, உலர்த்தி ஆண்டு முழுவதும் கறியாக்கிக்கொள்கிறார்கள். லூங் எனப்படும் அதன் இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். பஞ்ச காலங்களில் பட்டையைக்கூட மாவாக்கி உண்டு மக்கள் உயிர் தப்பியிருக்கிறார்கள். 1983இல் கேஜ்ரி ராஜஸ்தானின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது.

எல்லாச் செடிகளாலும் அவ்வளவு ஆழம் போகமுடியாது. அவை செலவைக் குறைக்கும் வழியை நாடுகின்றன. ஒரு செடி இழக்கும் நீரில் பெரும்பங்கு இலைத்துளைகள் வழியேதான் வெளியேறுகிறது. எனவே கேர் என்ற முட்புதர் ஆண்டின் பெரும்பகுதியை இலையில்லாமலே கழிக்கிறது. மணல்மேடுகளில் வளரும் போக் என்ற புதரும் அப்படித்தான். இரண்டிலும் பச்சைத் தண்டுகளே வெயிலைப் பிடித்து உணவு தயாரிக்கின்றன. எருக்கு இலையை வைத்துக்கொள்கிறது; ஆனால் அதன்மேல் தடித்த மெழுகுப் படலத்தைப் பூசிக்கொள்கிறது. அதன் பால் மேய்ச்சல் விலங்குகளை விலக்கிவைக்கிறது. முள்ளும் பாலும் கசப்பும் பாலைச் செடிகளில் மிகுந்திருப்பதற்குக் காரணம் உண்டு: இங்கே ஓர் இலையை இழந்தால் அதை மீண்டும் வளர்க்க ஆகும் நீர்ச்செலவு மிக அதிகம்.

கள்ளி வகைகள் நேரத்தை மாற்றிக்கொள்கின்றன. மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கும்போது நீராவி வெளியேறிவிடுகிறது. கள்ளிகளோ காற்று குளிர்ந்து ஈரம் கூடிய இரவில் துளைகளைத் திறந்து வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றிச் சேமித்துக்கொள்கின்றன. விடிந்ததும் துளைகளை மூடிவிட்டு, சேமித்ததைக் கொண்டு வெயிலில் உணவு சமைக்கின்றன. இந்த முறையில் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதே அளவு வளர்ச்சிக்கு ஆகும் நீர் பல மடங்கு குறைவு.

இதற்கு நேரெதிரான வழியில் போவது பேய்க்குமட்டிக் கொடி. சுடுமணலின்மேல் படர்ந்து கிடக்கும் அதன் அகன்ற இலைகள் தாராளமாக நீரை ஆவியாக்கிச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கின்றன. ஆழத்து ஈரத்தைத் தொட்டுவிட்ட வேர் இருப்பதால்தான் அந்தக் கொடியால் இப்படிச் செலவழிக்க முடிகிறது. அந்த வேரை அறுத்துவிட்டால் இலைகள் கொஞ்ச நேரத்திலேயே சூடேறிக் கருகிவிடும்.

காற்று நகர்த்தும் மணலில் காலூன்றுவது இன்னொரு சவால். போக்கின் வேர்கள் பக்கவாட்டில் நெடுந்தூரம் ஓடி மணலைப் பிணைக்கின்றன; மணல் மூடினாலும் புதைந்த தண்டில் இருந்து புதுவேர்கள் கிளம்புகின்றன. ஜெய்சல்மேர்ப் பக்கத்துப் பரந்த வெளிகளில் வளரும் சேவண் புல் 250 மில்லிமீட்டருக்கும் குறைந்த மழையிலேயே செழிக்கும் பல்லாண்டுப் புல். மேற்பகுதி காய்ந்து சருகானாலும் அடிக்கட்டை உயிரோடு காத்திருந்து, ஒரு நல்ல மழைக்குப் பின் மீண்டும் துளிர்க்கிறது. தாரின் கால்நடைச் செல்வம் இந்தப் புல்லை நம்பித்தான் வளர்ந்தது.

விதையாகக் காத்திருத்தல்

வறட்சியைத் தாங்குவதற்குப் பதிலாக அதைச் சந்திக்காமலே தவிர்த்துவிடும் செடிகளும் உண்டு. மழை பெய்த சில நாட்களில் முளைத்து, சில வாரங்களில் பூத்துக் காய்த்து, மண் காய்வதற்குள் விதையைக் கொட்டிவிட்டு மடிந்துவிடும் சிறு பூண்டுகள் இவை. ஆண்டின் எஞ்சிய நாட்களில் அந்த இனம் மணலுக்குள் விதையாக மட்டுமே வாழ்கிறது.

தவறான மழையில் முளைத்துவிடாமல் இருப்பதுதான் இவற்றுக்குச் சிக்கல். ஒரு சிறு தூறலை நம்பி முளைத்தால் பூப்பதற்குள் மண் காய்ந்துவிடும். பல பாலைச் செடிகளின் விதையுறையில் முளைப்பதைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவை கரைந்து ஓடுமளவுக்குக் கனமழை பெய்தால்தான் விதை முளைக்கும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலிபோர்னியப் பாலைவனங்களில் ஆய்வு செய்த தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட் இதை விரிவாக விளக்கினார். போதுமான மழை பெய்தாலும் எல்லா விதைகளும் ஒரே சமயத்தில் முளைப்பதில்லை. ஒரு பகுதி அடுத்தடுத்த ஆண்டுகளுக்கென மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஓர் ஆண்டு முளைத்தவை முழுவதும் அழிந்தாலும் இனம் அழிவதில்லை.

விலங்குகளிலும் இந்த உத்தி உண்டு. மழைக்குட்டைகளில் தோன்றும் சிறு இறால் வகைகளின் முட்டைகள், குட்டை வற்றியபின் புழுதியோடு புழுதியாகப் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். குழி தோண்டும் தவளைகள் மாதக்கணக்கில் மண்ணுக்குள் அசையாமல் உறங்கிவிட்டு, முதல் மழைச் சத்தத்தில் வெளியே வந்து இணைசேர்கின்றன. குட்டை வற்றுவதற்குள் தலைப்பிரட்டைகள் தவளைகளாகிவிட வேண்டும் என்பதால் அவற்றின் வளர்ச்சி மிக வேகமாக நடக்கிறது.

மண்ணுக்குள் தஞ்சம்

மணலின் மேற்பரப்பு கொதிக்கும்போதும் அரை மீட்டர் ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு அநேகமாக இருப்பதில்லை. காற்றின் ஈரமும் அங்கே கூடுதல். ஆகவே தாரின் சிறு விலங்குகளுக்கு வளைதான் முதல் பாதுகாப்பு.

பாலைவன எலி வகைகளில் தாரில் எங்கும் காணப்படுவது ஜெர்ட். பெரும்பாலான பாலை எலிகள் இரவில் இரைதேட, இது மட்டும் பகலில் வெளியே வருகிறது. ஆனால் கோடையில் காலையிலும் மாலையிலும் மட்டும் மேய்ந்துவிட்டு, உச்சிவெயிலில் பல வாசல்கள் கொண்ட வளைக்குள் போய்விடும். விதை, இலை, வேர் என்று பருவத்துக்கேற்ப உணவையும் மாற்றிக்கொள்கிறது. ஜோத்பூரில் 1959 முதல் இயங்கும் மத்திய வறண்டநில ஆராய்ச்சி நிறுவனத்தில் விலங்கியலாளர் ஈஷ்வர் பிரகாஷ் இந்த எலிகளின் வாழ்க்கையை நெடுங்காலம் ஆராய்ந்தார்.

பல பாலைவனக் கொறிணிகள் தண்ணீர் குடிப்பதே இல்லை. காய்ந்த விதையைத் தின்னும் எலிக்கு நீர் எங்கிருந்து கிடைக்கிறது? உணவு உடலில் எரிக்கப்படும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகவும், ஒரு கிராம் மாவுச்சத்து எரிந்தால் அரைக் கிராமுக்குச் சற்று அதிகமாகவும் நீர் உண்டாகும். எல்லா விலங்குகளிலும் இது நடக்கிறது. ஆனால் வெளியேறும் நீர் அதைவிட அதிகம் என்பதால் அவை குடித்தாக வேண்டியிருக்கிறது. பாலை எலிகளின் சிறுநீரகம் மிகக் கெட்டியான சிறுநீரை வெளியேற்றும். புழுக்கை காய்ந்தே வரும். வளையின் ஈரக்காற்று மூச்சில் போகும் இழப்பைக் குறைக்கும். செலவு இந்த அளவுக்குச் சுருங்கியபின் உணவில் பிறக்கும் நீரே போதுமானதாகிவிடுகிறது.

பறவைகளும் பல்லியினங்களும் பூச்சிகளும் உடற்கழிவைச் சிறுநீராகக் கரைத்து அனுப்பாமல், யூரிக் அமிலமாக வெண்பசை வடிவில் வெளியேற்றுவதால் இங்கே இயல்பாகவே ஆதாயத்தோடு தொடங்குகின்றன. சாண்டா என்று உள்ளூரில் அழைக்கப்படும் முள்வால் ஓணான் இந்தியப் பல்லியினங்களில் அபூர்வமான தாவர உண்ணி. குளிர்ந்த காலையில் அதன் தோல் கறுத்து வெயிலை உறிஞ்சுகிறது. உடல் சூடானதும் வெளிறிவிடுகிறது. வளைக்குள் போனதும் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்கிறது. குளிர்காலம் முழுவதும் உள்ளேயே உறங்கிவிடுகிறது. ஜெய்சல்மேர் மாவட்டத்தின் லோங்கேவாலாப் பகுதியின் பெயரைத் தன் அறிவியல் பெயரில் தாங்கிய தேரைத்தலை ஓணான், ஆபத்து வந்தால் உடலை அதிரவைத்து நொடிகளில் மணலுக்குள் புதைந்து மறைகிறது. மணலரணை சிறுத்த கால்களோடு மணலுக்குள்ளேயே நீந்துகிறது. சுருட்டை விரியன் உடலை வளைத்துத் தூக்கிப் பக்கவாட்டில் நகர்வதால் வழுக்கும் மணலில் பிடி கிடைக்கிறது. சுடுதரையில் உடல் படும் பரப்பும் குறைகிறது.

ஒட்டகத்தின் உடல்

வளைக்குள் நுழைய முடியாத பெரிய விலங்கு வெயிலில் நின்றே சமாளிக்க வேண்டும். ஒட்டகம் இதை எப்படிச் செய்கிறது என்பதை 1950களில் சஹாராவில் தங்கி அளந்து பார்த்தவர் க்நூட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியலாளர். திமிலில் தண்ணீர் இருப்பதாகக் காலங்காலமாக நிலவிய நம்பிக்கை அவருடைய ஆய்வில் நிற்கவில்லை. திமிலில் இருப்பது கொழுப்பு. அது உணவுச் சேமிப்பு. அந்தக் கொழுப்பை எரித்து நீர் பெறலாமே என்றால், எரிக்கத் தேவையான ஆக்சிஜனுக்காக மூச்சிழுக்கும்போதே அந்த நீர் நுரையீரல் வழியே போய்விடும்.

ஒட்டகத்தின் உண்மையான சேமிப்பு, செலவு செய்யாமல் இருப்பதில் இருக்கிறது. மனித உடல் 37 டிகிரியைத் தாண்டாமல் இருக்க வியர்த்துக் கொட்டும். நீர் கிடைக்காத ஒட்டகமோ தன் உடல் வெப்பத்தை விடியற்காலையில் சுமார் 34 டிகிரிவரை இறங்கவிடுகிறது. பகலில் 40 டிகிரியைத் தாண்டும்வரை வியர்ப்பதில்லை. பகலில் சேரும் வெப்பத்தை இரவின் குளிர்காற்றில் சும்மாவே விட்டுவிடுகிறது. இதனால் மட்டும் ஒரு பெரிய ஒட்டகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் நீரை மிச்சப்படுத்துகிறது. முதுகின் அடர்ந்த ரோமம் வெயிலைத் தடுக்கும் கவசம். ரோமம் கத்தரிக்கப்பட்ட ஒட்டகத்துக்கு நீர்ச்செலவு ஏறக்குறைய பாதியளவு கூடியதை ஷ்மிட்-நீல்சன் கண்டறிந்தார்.

வெயிலில் மனிதன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டிய அளவு நீரை இழந்தாலே ரத்தம் கெட்டியாகி, இதயம் அதைத் தள்ளமுடியாமல் உயிர் போய்விடும். ஒட்டகம் நான்கில் ஒரு பங்கை இழந்தும் நடமாடும். இழக்கும் நீர் பெரும்பாலும் திசுக்களில் இருந்தே போகிறது. ரத்தத்தின் அளவு அதிகம் குறைவதில்லை. தண்ணீரைக் கண்டதும் ஒரே மூச்சில் 100 லிட்டருக்கு மேல் குடித்துவிடும். இவ்வளவு நீர் திடீரென ரத்தத்தில் கலந்தால் மற்ற விலங்குகளின் சிவப்பணுக்கள் வீங்கி வெடித்துவிடும். ஒட்டகத்தின் நீள்வட்டச் சிவப்பணுக்கள் இரு மடங்குக்கு மேல் வீங்கினாலும் உடைவதில்லை.

சிங்காரா மான் இவ்வளவு உடல் வலு இல்லாமலே தண்ணீரின்றி நாட்களைக் கழிக்கிறது. இலைகளின் சாறும் அவற்றின்மேல் படிந்த பனித்துளியும் அதற்குப் பெருமளவு போதும்.

தண்ணீர் சுமக்கும் பறவை

பெரும்பாலும் காய்ந்த விதைகளையே தின்னும் கல்கௌதாரிக்கு நீரைத் தேடிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. கூட்டம் கூட்டமாக நாள்தோறும் பல கிலோமீட்டர் பறந்து நீர்நிலைக்கு வரும். அவசரமாகக் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். நீர்நிலையின் அருகே வேட்டை விலங்குகள் நடமாடும் என்பதால் கூடு தொலைவில், திறந்த தரையில் அமைகிறது. முட்டையில் இருந்து வெளிவந்த குஞ்சுகள் உடனே விதை பொறுக்கத் தொடங்கிவிடும், ஆனால் பறக்கமுடியாது. அவற்றுக்கும் தண்ணீர் வேண்டும்.

அதைக் கொண்டுவருவது தந்தைப் பறவை. நீரில் இறங்கி வயிற்றை நனைத்து அசைத்து அசைத்து ஊறவைத்துக்கொள்கிறது. வயிற்றுச் சிறகுகளின் நுண்ணிழைகள் காய்ந்திருக்கும்போது சுருண்டிருக்கும். நனைந்ததும் பிரிந்து நிமிர்ந்து ஒன்றோடொன்று பின்னி நீரைப் பிடித்துக்கொள்ளும். சுமார் 25 மில்லிலிட்டர் நீரைச் சுமந்தபடி ஆண் பறவை கூட்டுக்குத் திரும்புகிறது. வழியில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். எஞ்சியதைக் குஞ்சுகள் வயிற்றுச் சிறகுகளை அலகால் உருவி உறிஞ்சிக் குடிக்கின்றன. வளர்ப்புப் பறவைகளிடம் இந்தச் செயலைக் கண்டு 1896இல் இங்கிலாந்தின் மீட்-வால்டோ எழுதியபோது பலர் நம்பவில்லை. 1967இல் கேட், மக்லீன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவின் கலஹாரியில் இதை உறுதிப்படுத்தினர்.

புல்வெளியும் அதன் எதிரிகளும்

இந்த உயிர்கள் தனித்தனியாக வாழ்வதில்லை. கேஜ்ரி நிழலில் புல் முளைக்கிறது. புல்லின் விதையை ஜெர்ட் தின்கிறது. ஜெர்ட்டையும் சாண்டாவையும் பாலைவன நரியும் கழுகும் பிடிக்கின்றன. சருகைக் கரையானும் சாணத்தைச் சாணவண்டும் மண்ணோடு சேர்க்கின்றன. ஈரமில்லாத மண்ணில் எதுவும் எளிதில் மட்காது என்பதால் இந்தப் பூச்சிகளின் வேலை இங்கே மிக முக்கியம். வளர்ச்சி மெதுவாக நடக்கும் நிலத்தில் அழிவில் இருந்து மீள்வதும் மெதுவாகத்தான் நடக்கும். மழைக்காட்டில் சில ஆண்டுகளில் மூடிவிடும் காயம் பாலையில் தலைமுறைகளுக்குத் தெரியும்.

இதை மக்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1485இல் குரு ஜாம்பேஷ்வர் தோற்றுவித்த பிஷ்ணோய் மரபின் 29 நெறிகளில் பச்சை மரத்தை வெட்டாமையும் உயிர்களிடம் இரக்கமும் அடக்கம். 1730இல் ஜோத்பூர் அரசரின் ஆட்கள் கட்டுமானத் தேவைக்காக கேஜ்ரிகளை வெட்ட கேஜர்லி கிராமத்துக்கு வந்தபோது, அம்ரிதா தேவி முதலாக 363 பேர் மரங்களைக் கட்டிப்பிடித்து உயிர் விட்டார்கள். ஊர்தோறும் தெய்வத்தின் பெயரால் ஓரண் என்ற காப்புநிலங்களை மக்கள் விட்டுவைத்திருக்கிறார்கள். அங்கே கால்நடை மேயலாம். மரத்தில் கோடரி படக்கூடாது.

அரசு ஆவணங்களில் இதே நிலங்களில் பல ‘தரிசு’ என்று பதிவாகியிருப்பதுதான் இன்றைய பெருஞ்சிக்கல். மரமில்லாத வெளி வீணான வெளி என்ற எண்ணத்தில், பாலையைப் பசுமையாக்க சீமைக் கருவேலம் கொண்டுவரப்பட்டது. தமிழகத்தின் ராமநாதபுரச் சீமையில் அந்த மரம் செய்த அதே வேலையை இங்கும் செய்தது: உள்ளூர்ச் செடிகளை ஒதுக்கிவிட்டு வெளியை அடைத்துக்கொண்டது. 1958இல் பணி தொடங்கிய இந்திரா காந்தி கால்வாய் லட்சக்கணக்கானோருக்குக் குடிநீரும் பாசனமும் தந்தது. கூடவே சேவண் புல்வெளிகள் உழப்பட்டன. சில இடங்களில் நீர் தேங்கி மண் உவராகியது.

இந்த மாற்றத்தின் முழு விலையைக் கொடுத்துக்கொண்டிருப்பது கானமயில். சுமார் ஒரு மீட்டர் உயரமும் 15 கிலோவரை எடையும் கொண்ட இந்தப் பறவை ஒருகாலத்தில் தமிழகம் உட்படப் பல மாநிலங்களின் புல்வெளிகளில் இருந்தது. இன்று இயற்கையில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை ஜெய்சல்மேர் மாவட்டத்தில் வாழ்கின்றன. வழக்கமாக ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையைத் திறந்த தரையில் இடும். கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் எதிரே வரும் மின்கம்பியை நேரத்தில் பார்த்து ஒதுங்க முடியாமல் மோதி இறக்கிறது. சூரிய, காற்றாலை மின்நிலையங்கள் பெருகியபின் கம்பிகளும் பெருகின. கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்க உச்ச நீதிமன்றம் 2021இல் ஆணையிட்டது. 2024இல் அந்த ஆணை தளர்த்தப்பட்டு, வழி காண நிபுணர் குழு அமைக்கப்பட்டது. ஜெய்சல்மேர் மாவட்டத்தின் சாமிலும் ராம்தேவ்ராவிலும் கானமயில்களைப் பாதுகாப்பில் வைத்து இனப்பெருக்கம் செய்கிறார்கள்.

அப்படி வளரும் பறவைகளை விடுவிக்க வெட்டவெளிப் புல்நிலம் மிஞ்சியிருக்க வேண்டும். பாலைவனத்தைக் காப்பது என்றால் அதைக் காடாக மாற்றுவதல்ல. புல்வெளியைப் புல்வெளியாகவும் ஓரணை ஓரணாகவும் மணல்மேட்டை மணல்மேடாகவும் விட்டுவைத்து, அந்த நிலங்களைத் தரிசுக் கணக்கில் இருந்து நீக்குவதே முதல் வேலை. சொற்ப நீரில் வாழ்வதற்கான வழிகளை இங்குள்ள உயிர்கள் பல்லாயிரம் தலைமுறைகளாகத் தேடிக் கண்டிருக்கின்றன. அந்த வழிகள் தொடர அவற்றுக்குத் தேவைப்படுவது கூடுதல் தண்ணீரல்ல, அவற்றின் சொந்த நிலம்.